விழுங்காமல் முப்பது விநாடி

மூக்கு வழியே இறங்குகிறது குழாய்.
"அஞ்சு மில்லி தண்ணீர், ஒரே விழுங்கு" என்கிறாள் மரிசெல்.
"அப்புறம் முப்பது விநாடி
எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது."

அதுவரை தெரியாது
வாய் இத்தனை பெரிய ஊற்று என்று.
நாக்கடியில் கசிகிறது, கன்னத்தில் சுரக்கிறது,
பத்தாவது விநாடியில் கீழ்ப்பல் வரிசை முழுகுகிறது.
வெளியே ஜுபைல், நாற்பத்தாறு டிகிரி.
கடலைக் காய்ச்சிக் குடிக்கும் ஊரில்
நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல்
சும்மா சுரந்துகொண்டிருந்திருக்கிறேன்.
எந்த மீட்டரும் ஓடவில்லை.

பதினான்கு வருடம் வால்வு ஃபிட்டர்.
தண்டில் கசிந்தால் பேக்கிங் மாற்றத் தெரியும்,
சீட் தேய்ந்தால் உரசி இழைக்கத் தெரியும்.
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒன்று
டேக் நம்பர் இல்லாமல் இருந்தது தெரியாது.

முதலில் குப்பூஸ் நின்றது.
பிறகு சோறு. பிறகு சுலைமானி.
கடைசியில் எச்சிலும்,
இரவில் தலையணை மேல் நுரைநுரையாக.

பக்கத்துக் கட்டில் ஹபீப் நைனா
மூன்றாம் நோன்பன்று சொன்னார்:
"ஊறுன எச்சிய முழுங்குனா நோன்பு முறியாது மாப்ள."
"என் எச்சியே நோன்பு இருக்கு, நைனா."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
மறுநாள் ஃபோர்மேனிடம் அவர்தான் பேசினார்.
பக்கத்தில் நின்று நான்
மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

திரையில் என் விழுங்கல்கள், வண்ணம் வண்ணமாக.
சிவப்பு இறுக்கம், நீலம் தளர்வு.
"இங்கே நீலம் வரணும்" என்று
பேனாவால் தட்டினார் டாக்டர் இத்ரிஸ், சூடான்காரர்.
பத்துக்குப் பத்தும் சிவப்பு.

துருவா, அடைப்பா என்று கேட்டேன்.
"இல்லை. மூடியிருப்பதுதான் அந்தத் தசையின் உத்தியோகம்.
திறப்பது என்று தனியாக வேலை கிடையாது,
பிடித்ததை விடுவது, அவ்வளவே.
உங்களுக்கு, விடச் சொல்லும் நரம்பு செத்துவிட்டது."

பேனாவை வாங்கி வரைந்து காட்டினேன்:
மூக்கோடு மூக்கு முட்டும் இரண்டு முக்கோணம்,
தலைக்கு மேல் ஒரு குடை.
காற்று நின்றால் தானே மூடிக்கொள்ளும் ரகம்.
"எங்க ஆலையில இதுக்குப் பேரு பாதுகாப்பு, டாக்டர்."

இன்னும் எத்தனை இருக்கிறது உள்ளே?
இரைப்பையின் அடிவாசல், கஞ்சியைச்
சிறுகச் சிறுக விட்டு மூடும்.
பித்தம் இறங்கும் இடத்தில் ஒரு பொடியன்.
சிறுகுடல் பெருங்குடலில் சேரும் முனையில் ஒன்று.
கடைசியில் இரண்டு:
உள்ளது யார் பேச்சையும் கேட்காது,
வெளியே உள்ளது மட்டும் நமக்குக் கட்டுப்படும்.
கேம்ப் பஸ் செக்போஸ்ட்டில் ஒன்றரை மணி நேரம்
நின்ற ஒரு காலையில்
அதற்கு நான் கும்பிடு போட்டிருக்கிறேன்.

ஷட்டவுன் சமயம்.
விடுப்புத் தாள் இரண்டு முறை போய்
அப்படியே மேலே வந்தது.
மூன்றாம் முறை இறங்கிவிட்டது.

பலூனை உள்ளே ஊதித் தசை நாரைக் கிழித்தார்கள்.
குப்பூஸ் போனது,
போனதே தெரியாமல் போனது.
கேன்டீனில் யாரும் பார்க்காதபோது
இன்னொரு துண்டு எடுத்துச் சரிபார்த்தேன்.

இப்போது அது முழுக்க மூடுவதில்லை.
நள்ளிரவில் கீழிருந்து நெருப்பு ஏறுகிறது நெஞ்சுக்கு.
மாத்திரை இருக்கிறது. அதற்கு முன்பே
அதை அணைக்க வைத்திருப்பது எச்சில்தானாம்,
ஒவ்வொரு விழுங்காக.
ஆனால் தூங்குகிறவன் வாயில் ஊற்றும் தூங்கும்,
எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் கசியும்.

நோன்பு இருபத்தாறு, மணி மூன்று.
இரண்டு தலையணையில் சாய்ந்து
காய்ந்த வாயோடு காத்திருக்கிறேன்.
சஹருக்கு எழுந்த நைனா
விளக்கைப் போடாமல்
எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைக்கிறார்.
கத்தியைத் தேடுகிறார்.

அவர் அறுப்பதற்குள்
எனக்கு ஊறிவிட்டது.